யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பிலிமில் எடுக்க எந்தக் கமரா? – ஓர் ஒப்பீடு

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஹில்மன் மின்க்ஸ் போன்ற கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னமும் ஓடுகின்றன. சில, பூமாலை சூடிக் கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்றிச் செல்கின்றன. சில, வாடகைக் காராக உழைத்து ஓய்ந்து கொட்டிலுக்குள் நிற்கின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அவற்றைப் பிலிம் கமராவில் எடுக்க விரும்பும் இளையோர் பலர் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். வீட்டு அலுமாரியில் மாமாவின் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கமராவும் (படம் பதியும் லென்ஸினூடாகவே பார்ப்பது) அப்பப்பாவின் இரட்டை லென்ஸ் கமராவும் (பார்க்க ஒன்று, பதிய ஒன்று) இருக்கின்றன. அல்லது எதுவுமே இல்லை, பழையது ஒன்றை வாங்கவேண்டும். எதை எடுப்பது, எதை வாங்குவது?

இக்கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் கமராவின் பெயரையும் லென்ஸின் கூர்மையையும் சுற்றியே நிற்கின்றன. கார் என்ற பொருளுக்கு அவை இரண்டாம் பட்சமானவை. காரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும், அதன் உடலில் விழும் பிரதிபலிப்பை ஷட்டரை அழுத்துமுன் எவ்வளவு சரியாகக் காணமுடியும் என்ற இரண்டுமே படத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. கீழேயுள்ள ஒப்பீடு அந்த இரண்டையும் முன்னிறுத்தி, மற்றவற்றை அவற்றின் பின்னால் வைத்து எழுதப்பட்டது.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

நிற்கும் தூரம். மொறிஸ் மைனரின் நீளம் ஏறத்தாழ 3.8 மீற்றர், ஒஸ்ரின் ஏ40 சமசெற் ஏறத்தாழ 4 மீற்றர். முன்னும் பின்னும் சற்று இடம் விட்டுப் பக்கவாட்டில் முழுக் காரையும் எடுப்பதானால் 5 மீற்றர் அகலம் சட்டத்துக்குள் வரவேண்டும். 35 மி.மீ. கமராவில் (அது பிலிமின் அகலம்; லென்ஸின் மி.மீ. கூடக் காட்சி குறுகும்) 50 மி.மீ. லென்ஸ் பூட்டியிருந்தால் அதற்கு 7 மீற்றர் பின்னால் நிற்கவேண்டும், 85 மி.மீ. லென்ஸ் என்றால் 12 மீற்றர் வேண்டும், 35 மி.மீ. அகலக்கோண லென்ஸ் என்றால் 5 மீற்றர் போதும். கொக்குவிலிலோ கோப்பாயிலோ இரு பக்கமும் மதிலும் வேலியும் நெருக்கிய ஓர் ஒழுங்கைக்குள் 7 மீற்றர் கிடைக்காது. இடம் இல்லையே என்று அகலக்கோண லென்ஸோடு நெருங்கினால், அருகிலுள்ள மட்காட் வீங்கி, பின்பகுதி சுருங்கி, அந்தக் காரை வரைந்தவர்கள் கருத்தோடு அமைத்த அளவுப் பொருத்தம் குலைந்துவிடும். ஆகவே காரை வெளியே கொண்டுவர முடியுமா, முடியாதா என்பதை முதலில் உரிமையாளரிடம் கேட்டு அறியவேண்டும்.

பிரதிபலிப்பு. பழைய காரின் அழகில் பெரும்பகுதி அதன் வளைவுகளில் இருக்கிறது. அந்த வளைவுகள் கண்ணுக்குத் தெரிவது அவற்றின்மேல் விழும் வானத்தாலும் நிழலாலும்தான். கறுப்பு ஏ40 ஒன்றின் முன்கதவை அருகே நின்று கவனியுங்கள். கதவின் தோளில் வானம் ஒரு வெள்ளைக் கோடாக நீளும். அதன்கீழே எதிர்வீட்டு மதில் வளைந்து கிடக்கும். இன்னும் கீழே நிலத்தின் செம்மண் நிறம் படிந்திருக்கும். நடுவில், நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால், நீங்களே நிற்பீர்கள். ஓரடி இடப்புறம் நகர்ந்தால் மதில் மறைந்து வானக் கோடு கதவின் நுனிவரை ஓடும். படம் தேறுவதும் கெடுவதும் இந்த ஓரடியில்தான். எனவே படம் எடுக்கும் லென்ஸ் காண்பதை அப்படியே காட்டும் கமராவுக்கும், அதற்குப் பக்கத்தில் உள்ள வேறொரு துவாரத்தால் காட்டும் கமராவுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு.

ஒளி. யாழ்ப்பாணத்தில் சூரியன் சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலும் ஆவணி (ஓகஸ்ற்) கடைசியிலும் உச்சியில் நேர் மேலே வரும். அந்த நாட்களின் நண்பகலில் காரின் கூரை வெளுத்து, மட்காட்டின் கீழ்ப்பகுதியும் ரயரும் கரிய இருளாகிவிடும். வேப்பமர நிழல் தீர்வாகாது. இலைகளின் ஊடாக விழும் ஒளி பொனற் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். நல்ல ஒளி மாலை நாலரைக்குப் பின்னும், சூரியன் மறைந்த பிறகு வரும் சில நிமிடங்களிலும் கிடைக்கும். பின்னதில் ஷட்டர் கால் செக்கன், அரைச் செக்கன் திறந்திருக்க நேரும் என்பதால், கமரா அந்நேரத்தில் அதிராமல் இருக்குமா என்பதும் கணக்கில் வருகிறது.

ஒரு படத்துக்கான செலவும் நம்பகமும். ஒரு றோலில் எத்தனை படம், அது எங்கே கழுவப்படும், கமரா இடைவழியில் நின்றுவிட்டால் யார் திருத்துவார் என்பவை இதில் அடங்கும். கொழும்புச் சேகரிப்பாளருக்கு விற்கப்பட்டுவிட்ட ஒரு காரை அது போகுமுன் எடுப்பதானால், மறுமுறை வாய்ப்பு இல்லை. அப்போது நம்பகமே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.

## 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கமரா

1976 முதல் 1997 வரை உற்பத்தியான பென்ராக்ஸ் கே1000, 1982இல் வந்த நிக்கொன் எப்.எம்.2 போன்றவை இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டிலும் ஷட்டர் முற்றிலும் இயந்திரத்தால் இயங்குவது. பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே தேவை. பற்றரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம்.

கார் எடுப்பவருக்கு இதன் முதற்சிறப்பு, பார்ப்பதும் பதிவதும் ஒரே லென்ஸ் என்பதாகும். கதவில் மதில் எங்கே வளைகிறது, வீல் கப்பில் உங்கள் முழங்கால் தெரிகிறதா என்பவற்றைக் கண்ணாடிக்குள்ளேயே கண்டு திருத்தலாம். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலறைசர் பில்ரரை லென்ஸின் முன் போட்டால் இந்தச் சிறப்பு இன்னும் பெருகும். முன்கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தபடி பில்ரரைத் திருப்பும்போது, அதில் கிடந்த வானம் மெல்ல விலகி ஸ்ரியறிங்கும் டாஷ்போட்டும் வெளிப்படுவதைக் கண்ணால் காணலாம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. இங்கே இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது. அந்தப் பில்ரர் பெயின்ற்றிலும் கண்ணாடியிலும் உள்ள பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் பம்பரின் குரோமியத்தில் வேலை செய்யாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் ஒளியையும் (ஒரு ஸ்ரொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) தின்றுவிடும். கறுப்புக் காரில் பிரதிபலிப்பை முழுவதும் நீக்குவதும் தவறு. வானக் கோடு போனால் கதவு தட்டையான கரும்பலகைபோல ஆகிவிடும்.

லென்ஸ் மாற்றக்கூடியது என்பது இரண்டாவது சிறப்பு. பண்ணைப் பாலத்தை அண்டிய திறந்த வெளியில் அல்லது கோட்டையின் முன்பக்கத்தில் காரை நிறுத்த முடிந்தால் 85 அல்லது 135 மி.மீ. லென்ஸ் கொண்டு தள்ளி நின்று எடுக்கலாம். உருவம் சிறிதும் பிறழாது. வீட்டுக் கொட்டிலுக்குள் நிற்கும் காருக்கு 35 மி.மீ. லென்ஸ். பொனற்றின்மேல் பறக்கும் ‘ஏ’ எழுத்துச் சின்னம், கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சிறிய சிக்னல் கை, கையால் எழுதிய ஸ்ரீ இலக்கத்தகடு ஆகியவற்றை நெருங்கி எடுக்க, அரை மீற்றருக்கும் குறைவான தூரத்தில் குவியும் சாதாரண 50 மி.மீ. லென்ஸே போதும். ஓடும் காரைத் தொடர்ந்து திருப்பி எடுக்கவும் இந்தக் கமராவே வசதியானது.

இதன் குறைகள் இரண்டு. கமராவின் ஒளிமானி தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். சட்டத்தை நிறைத்து நிற்கும் வெள்ளை மொறிஸ் மைனர் அழுக்காகவும், கறுப்பு ஒஸ்ரின் சாம்பல் பூத்தும் பதிவாகும். காரை அளக்காமல், அதே வெயிலில் கிடக்கும் தார் வீதியையோ புல்லையோ அளந்து அந்த அளவையே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மற்றையது, உள்ளே உள்ள கண்ணாடி மேலெழும்போது ஏற்படும் அதிர்வு. கே1000இல் கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி வைக்கும் வசதியோ தானியங்கிக் காலங்காட்டியோ இல்லை. மறைந்த சூரியனின் ஒளியில் முக்காலியில் வைத்தாலும், அரைக்கால் செக்கனுக்கு அண்டிய வேகங்களில் குரோமிய விளிம்புகள் சற்று மங்கக்கூடும். கமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் றிலீஸ் கட்டாயம்.

## இரட்டை லென்ஸ் கமரா

ரோலிஃபிளெக்ஸ் இவ்வகையின் தலைமகன். நம் கைக்கு எட்டுவது யாஷிக்கா. 1970இல் வெளிவந்த யாஷிக்கா மற் 124ஜியில் 80 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் உண்டு (எஃப் இலக்கம் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; இலக்கம் கூடத் திறப்பு சுருங்கும்). 120 என்னும் அகன்ற வகைப் பிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும். படத்தின் பரப்பு 35 மி.மீ. படத்தின் மூன்றரை மடங்குக்கு மேல். சதுரத்தின் மேலும் கீழும் வெட்டிக் காரின் நீள உருவத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தினால்கூட இரண்டு மடங்குக்கு மேல் எஞ்சும். ஆளுயரத்துக்குப் பெருப்பித்துச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஆனால் நான் இதை மதிப்பது பரப்புக்காக அல்ல, உயரத்துக்காக. இந்தக் கமராவை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். லென்ஸ் அப்போது கதவுக் கைபிடியின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. நின்றபடி கண்ணுயரத்தில் எடுத்த படங்களில் குறுகித் தெரியும் கார், இந்த உயரத்தில் நிமிர்ந்து, தன் முழு எடுப்போடு நிற்கிறது. முன்மூலையிலிருந்து எடுக்கும்போது சதுரச் சட்டம் மிகவும் பொருந்தும். காரின் பின்னால் நிற்கும் பனையின் உச்சியும் வெட்டுப்படாமல் உள்ளே வரும்.

இன்னொன்றும் உண்டு. மானிப்பாயில் ஒரு வீட்டு முற்றத்தில் கார் உரிமையாளரான முதியவர், “எடுங்கோ தம்பி, ஆனால் கொஞ்சம் பொறுங்கோ, துடைச்சுப்போட்டு விடுறன்” என்று சொல்லிப் பழைய வேட்டித் துண்டால் பொனற்றை ஒரு சுற்றும், ஹெட்லைற்றின் விளிம்பை விரல் நுனியாலும் துடைத்தார். துடைத்து முடித்தவர் கையை மட்காட்டிலிருந்து எடுக்கவே இல்லை. என் முகம் கமராவுக்குப் பின்னால் மறையாமல் கீழே குனிந்திருந்ததால், படம் எடுக்கப்படுவதை அவர் பொருட்படுத்தாமல், எந்த ஆண்டில் என்ஜின் இறக்கப்பட்டது, பிஸ்ரன் எங்கே கடைந்து எடுக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டே நின்றார். காரையும் அதைக் காத்தவரையும் ஒன்றாக எடுப்பதானால் இந்தக் கமராவுக்கு நிகர் எதுவும் இல்லை.

பிரதிபலிப்பு விடயத்தில் இது பின்தங்குகிறது. பார்க்கும் லென்ஸ் மேலே, எடுக்கும் லென்ஸ் கீழே. ஏழு மீற்றரில் இந்த இடைவெளி பொருட்டல்ல. ஒரு மீற்றரில் சின்னத்தை எடுக்கும்போது நீங்கள் கண்டதும் பதிந்ததும் வேறாகும். ஒரு மீற்றருக்கும் கிட்டப் போகவும் முடியாது. போலறைசரை மேல் லென்ஸில் வைத்துத் திருப்பி, அதன் நிலையைக் குறித்து, கழற்றிக் கீழ் லென்ஸில் அதே நிலையில் பூட்டவேண்டும். அந்தப் பில்ரரும் சாதாரணத் திருகு வகை அன்று, பே 1 என்னும் தனி வகை, தேடித்தான் வாங்கவேண்டும். திரையில் உருவம் இடம் வலமாக மாறித் தெரிவதால் ஓடும் காரைத் தொடர்வது பழகாதவருக்குக் கடினம். லென்ஸ் மாற்ற முடியாது, 80 மி.மீ. லென்ஸுக்கும் முழுக் கார் வேண்டுமானால் அதே 7 மீற்றர்தான்.

மறுபுறம், இதன் ஷட்டர் லென்ஸின் உள்ளே இதழ்களாகத் திறந்து மூடுவது, மேலெழும் கண்ணாடி கிடையாது. மாலை மங்கலில் முக்காலியில் வைத்து அரைச் செக்கன் திறந்தாலும் அதிர்வு இராது. அந்த ஒளியில் பரந்த வானமே ஒரே விளக்காகிக் காரின் முதுகு முழுவதும் படரும்போது இந்தக் கமரா எடுக்கும் படத்தை எஸ்.எல்.ஆர். எட்டுவது அரிது.

## மடிப்புக் கமராவும் பெட்டிக் கமராவும்

அக்பா ஐசோலெற், சைஸ் ஐகொன் நெற்றார் போன்ற மடிப்புக் கமராக்கள் காரின் வயதை ஒத்தவை. ஒரே காலத்துப் பொருளால் ஒரே காலத்துப் பொருளை எடுப்பதில் உள்ள ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. மடித்தால் சிறிய பைக்குள் அடங்கும், 120 பிலிமின் பெரிய பரப்பையும் தரும்.

தூரத்தைக் கண்ணால் மதித்துக் கையால் வைக்கவேண்டும். கார் பெரிய பொருள் என்பதால் இது நினைப்பதுபோல ஆபத்தானதன்று: 75 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து 6 மீற்றரில் குவித்தால், ஏறத்தாழ 4 மீற்றரிலிருந்து 14 மீற்றர் வரை தெளிவாக இருக்கும். முன்மூலையிலிருந்து எடுக்கும் கார் முழுவதும் அதற்குள் அடங்கும். பல மடிப்புக் கமராக்களின் அதிவேகம் 1/200 அல்லது 1/300 செக்கன் என்பதால் ஒளியை மெதுவாகப் பதியும் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமே ஏற்றது. தெளிந்த வெயிலில் எஃப் 11, 1/200 செக்கன் என்று வைத்துவிட்டால் ஒளிமானி இல்லாமலே சரியாக வரும். 400 பிலிம் போட்டால் யாழ்ப்பாண வெயிலில் எஃப் 22க்கு மூடவேண்டியிருக்கும்.

எனினும் பிரதிபலிப்பைக் காண இதில் வழியே இல்லை. சிறிய பார்வைத் துவாரம் சட்டத்தின் எல்லையைக் குத்துமதிப்பாகக் காட்டும், அவ்வளவே. லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசித் துளை இருந்தால் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைக் கீற்று விழும். இருட்டறையில் துருத்திக்குள் ரோர்ச் லைற்றை வைத்து மூலைகளைச் சோதிக்காமல் பிலிம் போடவே கூடாது. பெட்டிக் கமராவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: வேகமும் குவியமும் ஏறத்தாழ நிலையானவை, நல்ல வெயிலில் நினைவுப் படம் ஒன்று கிடைக்கும்.

## றேஞ்ச்பைண்டர் கமரா

லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள தனித் துவாரத்தால் பார்த்து, அதில் தெரியும் இரு உருவங்களை ஒன்றாக்கித் தூரம் வைப்பவை இவை; 1966இல் வந்த யாஷிக்கா இலெக்ற்றோ 35 போன்றவை. ஓசை குறைவு, லென்ஸ் கூர்மை, கொண்டுசெல்ல எளிது. நல்லூர்த் திருவிழாக் காலத்து வீதியில் நிற்கும் காரை மக்களோடு சேர்த்து எடுக்க உகந்தவை. ஆனால் அந்தக் கமராவில் ஷட்டர் வேகத்தை இலத்திரனியல் சுற்றே தீர்மானிக்கிறது. பற்றரி போனால் ஒரே வேகம்தான் எஞ்சும். போலறைசர் பயன்பாடு இரட்டை லென்ஸ் கமராவில் போலவே சிரமம். காரை முதன்மையாக எடுக்கப் போகிறவர் இதைப் புதிதாக வாங்கவேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். | இரட்டை லென்ஸ் | மடிப்புக் கமரா |
|---|---|---|---|
| முழுக் காருக்குத் தேவையான தூரம் | லென்ஸைப் பொறுத்து 5 முதல் 12 மீற்றருக்கு மேல் | ஏறத்தாழ 7 மீற்றர் | ஏறத்தாழ 7 மீற்றர் |
| பிரதிபலிப்பைக் காணல் | பதிவது அப்படியே தெரியும் | தூரத்தில் சரி, கிட்டத்தில் பிழைக்கும் | காணமுடியாது |
| போலறைசர் | எளிது | கழற்றி மாற்றிப் பூட்டவேண்டும் | பயனில்லை என்றே கொள்ளலாம் |
| சின்னம், டாஷ்போட் | மிக நன்று | ஒரு மீற்றருக்கு அப்பால் மட்டும் | பொருந்தாது |
| மாலை மங்கலில் முக்காலியோடு | கண்ணாடி அதிர்வு உண்டு | மிக நன்று | நன்று |
| ஒரு றோலில் படங்கள் | 36 | 12 | 8 அல்லது 12 |
| பழுதாகும் இடம் | ஒளி மறைக்கும் பஞ்சு, ஒளிமானி | மெதுவான வேகங்கள், ஒளிமானி | துருத்தி, ஷட்டர் |

## விலையில் தெரியாத செலவுகள்

120 பிலிம் றோலும் 35 மி.மீ. றோலும், கறுப்பு வெள்ளையில், விலையில் பெரிதும் வேறுபடுவதில்லை. ஒன்றில் 12 படம், மற்றதில் 36 படம் என்பதால் இரட்டை லென்ஸ் கமராவில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ மூன்று மடங்கு செலவு. கமராவை இலவசமாகப் பெற்றவர்கூட இந்தக் கணக்கை முதலில் போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பிலிம் சொல்லி அனுப்பினால், அதைக் கையில் கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஏற்றி அனுப்பும் பெட்டிகளுக்கான எக்ஸ்-றே வலிமையானது, பிலிமில் புகைபோல மூட்டம் படியும். கையில் கொண்டுவருவதையும் புதிய சீ.ரீ. வகைக் கருவிக்குள் விடாமல் கையால் சோதிக்கும்படி கேட்பது நல்லது.

கழுவுவது அடுத்தது. நம்மூர் ஸ்ரூடியோக்களின் இருட்டறைகள் பெரும்பாலும் டிஜிற்றல் வந்ததோடு மூடப்பட்டுவிட்டன. கலர் பிலிமைக் கொழும்புக்கு அனுப்பி, கழுவலுக்கும் ஸ்கானுக்கும் பணம் கட்டி, காத்திருக்கவேண்டும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் கழுவுவதற்கென்று இரண்டு இடர்கள் உண்டு, அவற்றை வெளியூர் வழிகாட்டிகள் சொல்வதில்லை.

முதலாவது வெப்பம். இல்ஃபோட் எச்.பி.5 பிளஸ் பிலிமை ஐ.டி.11 மருந்தில் கழுவ 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம். நம் கிணற்று நீர் 27, 28 பாகைக்குக் குறைவாக இருப்பது அரிது. வெப்பம் கூடினால் நேரம் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சீராகப் படியாமல் வானப் பகுதியில் வரிகள் விழும். ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையில் கட்டி, மருந்துப் போத்தலைச் சுற்றி நீரில் இட்டு 20 அல்லது 22 பாகைக்கு இறக்கியே தொடங்கவேண்டும். கலர் நெகற்றிவ் கழுவும் சீ-41 முறைக்கு 37.8 பாகை வேண்டும். அதனால் கலர் கழுவுபவருக்கு நம் வெப்பம் தடையல்ல, சற்றுச் சூடாக்கினால் போதும்.

இரண்டாவது நீர். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; கிணற்று நீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அதிலேயே கடைசியாக அலசிக் காயவிட்டால் நெகற்றிவில் வெண்பொட்டுகள் ஒட்டிக்கொள்ளும். வேறு பொருளில் அவை மறையலாம். கறுப்புக் காரின் வழுவழுப்பான கதவில் ஒவ்வொன்றும் அம்மைத் தழும்பாகத் தெரியும். கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் ஒரு போத்தல் வாங்கிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி எங்கும் புகும் என்பதால், பிலிமைக் காயப்போடக் குளியலறையே சிறந்த இடம்.

பற்றரியும் ஒரு செலவுதான். கே1000க்குச் சாதாரண எல்.ஆர்.44 போதும். 124ஜியின் ஒளிமானி பழைய 1.35 வோல்ற் இரச பற்றரிக்கு அமைந்தது; அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ற் பற்றரி போட்டால் அளவு பிழைக்கும். காது கேட்கும் கருவிக்கான 675 இலக்கச் சின்க்-எயர் பற்றரியை ஒரு வளையத்தோடு பொருத்தலாம், ஆனால் அதன் ஆயுள் குறுகியது. கைத்தொலைபேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை வைத்துக்கொள்வது எளிய வழி.

வாங்கும்போது சோதிக்கவேண்டியவை: லென்ஸுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் தெரிகிறதா, ஒரு செக்கன் வேகம் உண்மையில் ஒரு செக்கன் ஓடுகிறதா, இடையில் இழுபடுகிறதா, எஸ்.எல்.ஆரின் பின்மூடியிலுள்ள பஞ்சு பிசினாகிவிட்டதா. மாரியின் ஈரப்பதனில் தோலுறைக்குள் பூட்டி வைத்த கமராவில் பூஞ்சணம் பிடிப்பது திண்ணம். உறையை வேறாகவும் கமராவை வேறாகவும், சிலிக்கா பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பிலிமையும் கமராவையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதைப்போலக் கேடு வேறில்லை.

## எந்த நிலையில் எது

கார் விற்பனையாகிவிட்டது, இன்னும் சில நாளில் போய்விடும் என்றால் எஸ்.எல்.ஆர். ஒரே றோலில் நான்கு பக்கமும், உட்புறமும், என்ஜினும், சின்னமும், இலக்கத்தகடும், கதவின் துருவும்கூட அடங்கிவிடும். 36 படம் என்பது இங்கே கைக்கு வந்த காவல்; முக்கியமான நிலைகளை ஒரு ஸ்ரொப் கூட்டியும் எடுத்துவைக்கலாம். கறுப்பு வெள்ளை நெகற்றிவும் கலர் நெகற்றிவும் ஒளி கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்கா.

உரிமையாளர் நேரம் தருகிறார், காரை மாலை ஆறு மணிக்கு முற்றத்தில் இறக்கிவிடச் சம்மதிக்கிறார், அவரும் அருகில் நிற்பார் என்றால் இரட்டை லென்ஸ் கமராவும் முக்காலியும். அந்த வேளையில் 12 படம் போதாது என்று தோன்றாது.

கலியாண ஊர்வலம், ஓடும் கார், கூட்டம் எனில் எஸ்.எல்.ஆர்.; கையில் றேஞ்ச்பைண்டர் ஏற்கனவே இருந்தால் அதுவும் ஆகும். கொட்டிலுக்குள் அகப்பட்டு வெளியே வரமுடியாத காருக்கு எஸ்.எல்.ஆரும் 35 மி.மீ. லென்ஸும் தவிர வேறு வழியில்லை. அங்கும் முழுக் காரை ஒரே படத்தில் அடக்க முயலாமல் பகுதி பகுதியாக எடுப்பதே காருக்கு நியாயம்.

மடிப்புக் கமரா வீட்டுச் சொத்தாகக் கிடைத்து, துருத்தி சோதனையில் தேறியிருந்தால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது கமராவாக, முதற் கமராவில் வேண்டிய படங்கள் பதிந்த பிறகு.

கலரா, கறுப்பு வெள்ளையா என்பதற்கு என் முடிவு காரின் பெயின்ற்றைப் பொறுத்தது. தொழிற்சாலை நிறமோ அதற்கு நெருங்கியதோ இன்னும் இருக்கும் காரைக் கலரில் எடுக்கவேண்டும். அந்த மங்கிய பச்சையும் பாலேட்டு நிறமும் அடுத்த பூச்சோடு இல்லாமல் போய்விடும். பலமுறை பூசி நிறம் மாறிய கார்களுக்கும் கறுப்புக் கார்களுக்கும் கறுப்பு வெள்ளை போதும். மஞ்சள் பில்ரர் ஒன்று போட்டால் வானம் சற்று இருண்டு கூரையின் விளிம்பு துலங்கும்.

புதிதாக ஒன்றே ஒன்று வாங்கப்போகிறவருக்கு என் பரிந்துரை, இயந்திர ஷட்டர் கொண்ட 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். ஒன்றும், 50 மி.மீ. லென்ஸும், அதற்குப் பொருந்தும் போலறைசரும். பென்ராக்ஸின் 50 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்கு 49 மி.மீ. பில்ரர், நிக்கொனின் பெரும்பாலான 50 மி.மீ. லென்ஸுகளுக்கு 52 மி.மீ. பில்ரர், இரண்டும் எங்கும் கிடைப்பவை. மிச்சப் பணத்தை இரண்டாவது லென்ஸுக்குச் செலவிடாமல் பிலிமுக்கும் கழுவலுக்கும் ஒதுக்குங்கள். கார் எடுக்கப் போகும் அன்று கருநிறச் சட்டை அணியுங்கள். நெகற்றிவ் உறையின்மேல் காரின் வகை, ஆண்டு, ஊர், எடுத்த திகதி ஆகியவற்றை அன்றே பென்சிலால் எழுதிவிடுங்கள். கார் கைமாறிய பிறகு அந்த விபரத்தைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.